தாம்ச்சிக்கு வேண்டிய வெயில்

முகாம்,
14 செப்டம்பர் 2008

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

அண்ணன் குபாத்தின் சலாம். உன் நெஞ்சுச் சளி குறைந்ததா? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இது கம்பி போட்ட ஜெயில் இல்லை, வேலை முகாம்தான். மின்பட்டறையில் போட்டிருக்கிறார்கள். எரிந்துபோன மோட்டார்களுக்கு நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுகிறேன். வெளியே செய்த வேலையைத்தான் இங்கேயும் செய்கிறேன். இரண்டு வருடம் ஓடிவிடும்.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். அதனால் ஏப்ரல் மாதம் நடந்ததைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன். நாம் பேசி முடித்தது முடித்ததுதான்.

தாம்ச்சியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இலையில் சொட்டுகிற தண்ணீரை மட்டும் குடிக்கிற பச்சோந்திக்குத் தாம்ச்சி, துளி, என்றே பெயர் வைத்தீர்களே என்று நீ கேலி செய்வாய். அதற்கு உடம்புக்குள் சூடு கிடையாது. காலையில் வெயில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும். நம் ஊர் அக்டோபரில் அந்த வெயிலைப் பல்புதான் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கிற நாற்பது வாட் போதாது. வேறு வாங்கு. மேல் கிளையில் அது உட்காரும் இடத்தில் முப்பது டிகிரி இருக்கட்டும். கீழே இருபத்திரண்டு போதும். சூடு அதிகமானால் இறங்கிப் போக அதற்கு ஓர் இடம் வேண்டும். பக்கத்திலுள்ள நீள ட்யூப் லைட் அதன் எலும்பு உறுதிக்கானது, அதைத் தொடாதே.

கல்யாணம் முடிந்ததும் நீயும் பேகிமாயும் என் வீட்டிலேயே இருங்கள். பெண் வீட்டார் மனம் கோணாமல் நடந்துகொள். உன்னிடம் நான் கேட்பது தாம்ச்சியை மட்டும்தான்.

உன் அண்ணன்,
குபாத்

*

பிஷ்கெக்,
28 செப்டம்பர் 2008

என் அருமை அண்ணனுக்கு,

தம்பி எர்மெக்கின் சலாம். சளி போய்விட்டது. நீங்கள் இல்லாத வீடு வீடாகவே இல்லை. உங்களை நினைக்காமல் ஒரு வாய் தேநீர்கூட இறங்குவதில்லை.

பல்பு வாங்கப் பறவைச் சந்தைக்குப் போனேன். கடைக்காரன் என் தலையைப் பார்த்ததும் சிவப்பு பல்பு ஒன்றை எடுத்து நீட்டினான். "இத மாட்டு தம்பி. பகல் ராத்திரி பூரா எரியட்டும். ஒன் பல்லி கல்யாண மாப்பிள மாதிரி ஜொலிக்கும்" என்றான். "யோவ், இங்க நாந்தான்யா கல்யாண மாப்பிள. எனக்கே ஒருத்தனும் பல்பு மாட்டல" என்றேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அவனிடம் நான்கு விதம் இருக்கிறது. இந்தச் சிவப்பு. உள்ளே வெள்ளி பூசின நூறு வாட். வெளிச்சமே வராமல் சூடு மட்டும் வருகிற பீங்கான் குமிழ். அப்புறம் வீட்டில் போடுகிற சாதா அறுபது வாட். எதை வாங்க? அதுவரை பழையதே எரியட்டும். தாம்ச்சி நேற்று எட்டு கரப்பான் தின்றது. என்னைப் பார்த்து வாயைப் பிளந்து சீறியது. உங்களைத் தேடுகிறது போல.

கல்யாணம் அக்டோபர் இருபத்தைந்து. மண்டபம்தான் இன்னும் அமையவில்லை.

உங்கள் தம்பி,
எர்மெக்

*

முகாம்,
9 அக்டோபர் 2008

தம்பி எர்மெக்குக்கு,

சலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் இருந்த ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே சிரிப்பதற்கு ஆள் உண்டு, விஷயம்தான் இல்லை.

சிவப்பு வேண்டவே வேண்டாம். இரவில் அதற்கு முழு இருட்டு வேண்டும், கொஞ்சம் குளிரும் வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் அது தூங்காது. வெள்ளி பூசினது சூட்டை ஒரே இடத்தில் ஊசி போலக் குத்தும். தாம்ச்சியின் தலைக் கொண்டை உயரம் அல்லவா, முதலில் அதுதான் வேகும். பச்சோந்திக்குச் சுடுவது சட்டென்று தெரியாது, நகராமல் உட்கார்ந்தே புண்ணாகிவிடும். பீங்கான் பனி கொட்டும் ராத்திரிகளுக்கு மட்டும் உதவும். நீ சாதா அறுபது வாட் வாங்கு. கூண்டுக்கு வெளியே, மேல் வலைக்கு மேலே வை. கொண்டையிலிருந்து பல்புக்கு ஒரு சாணும் நான்கு விரலும் இடைவெளி இருக்கட்டும். உன் புறங்கையை அந்தக் கிளை மட்டத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார். உனக்கு இதமாக இருந்தால் அதற்கும் இதம்.

கல்யாணத்தில் என் பங்குக்கும் நீயே ஆடிவிடு. ஒரு போட்டோ அனுப்பு. உங்கள் இருவரையும் எடுத்தது ஒன்று, தாம்ச்சி ஒன்று.

அண்ணன்,
குபாத்

*

பிஷ்கெக்,
16 நவம்பர் 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். உடம்பை எப்படி வைத்திருக்கிறீர்கள்? பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. முதலாளி அசான்குல் தன் உணவு விடுதியின் பெரிய கூடத்தையே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். இப்போது கிடங்குப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. எல்லாம் உங்கள் ஆசி.

பல்பு நீங்கள் சொன்னபடியே. காலை ஏழுக்குப் போட்டால் இரவு ஏழுக்குத்தான் அணைக்கிறேன், ஒருநாள் தவறியதில்லை. முப்பது டிகிரி அசையாமல் நிற்கிறது. தாம்ச்சி பகலெல்லாம் பல்புக்கு அடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடக்கிறது. நல்ல கரும்பச்சை நிறம், பார்க்கவே அழகு. போட்டோதான் முடியவில்லை, கேமரா ரிப்பேர்.

உங்கள் தம்பி,
எர்மெக்

*

முகாம்,
27 நவம்பர் 2008

தம்பி எர்மெக்குக்கு,

சலாம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். கிடங்குப் பொறுப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது சுகம் இல்லை, நோய். குளிரும்போதுதான் அது கறுக்கும். முப்பது டிகிரியில் உட்கார்ந்திருக்கிற பிராணி கறுத்துக் கிடக்காது, இளம்பச்சையாக வெளிறும். ஊரில் ஏமாற்றுக்காரனைப் பச்சோந்தி என்று ஏசுகிறார்கள். தாம்ச்சிக்கு ஏமாற்றத் தெரியாது. உள்ளே என்னவோ அதுதான் அதன் தோலில் தெரியும்.

இன்னொன்று. இங்கே தினமும் எட்டு மணி நேரம் கரன்ட் இல்லை. அணையில் தண்ணீர் இல்லையாம். பிஷ்கெக்கிலும் அதே கதிதான் என்று விடுப்பு முடிந்து வந்த காவலர் சொன்னார். உன் பல்பு மட்டும் எப்படித் தம்பி பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது?

நீ புது மாப்பிள்ளை, ஆயிரம் வேலை இருக்கும். விளக்கைப் போட மறந்திருந்தால் மறந்தேன் என்று எழுது. திட்டமாட்டேன். நடந்ததை எழுதினால்தான் இங்கிருந்து ஏதாவது வழி சொல்ல முடியும்.

அண்ணன்,
குபாத்

*

முகாம்,
22 டிசம்பர் 2008

எர்மெக்,

சலாம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியதோ என்று மறுபடி எழுதுகிறேன். கூண்டையும் பல்பையும் படமாக வரைந்து அளவு குறித்து வைத்திருக்கிறேன், உன் பதில் வந்ததும் அனுப்புகிறேன். கரன்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிக் கூண்டுக்குக் கீழே வை, மேலே கம்பளியைப் போர்த்து.

தாம்ச்சி உயிரோடு இருக்கிறதா? ஒரு வரி போதும்.

குபாத்

*

பிஷ்கெக்,
12 ஜனவரி 2009

மதிப்பிற்குரிய பெரியத்தானுக்கு,

சலாம். நீங்கள் நலமாக இருக்கக் கடவுள் அருளட்டும். நான் எர்மெக்கின் மனைவி பேகிமாய். நிச்சயதார்த்தத்தில் உங்களை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கடிதத்தைத் தபால்காரம்மா என் கையில் கொடுத்துவிட்டார். உறை பிரிந்திருந்தது, படித்துவிட்டேன். மன்னிக்கவும்.

பால்கனியில் ஒரு வலைக்கூண்டு இருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து அதில் வெங்காயம்தான் கிடக்கிறது. கடிதத்தைக் காட்டி அவரிடம் கேட்டேன். "அதுவா? கல்யாணத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. அண்ணன் மனசு ஒடஞ்சிடும்னு சொல்லல" என்றார். எனக்கு உங்கள்மேல் பரிதாபமாக இருந்தது.

ஜனவரி மூன்றாம் தேதி அவருடைய முதலாளியின் விடுதியில் விருந்து. வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள்ளேயே சிவப்பு பல்பு. ஒரு பிளாஸ்டிக் கிளையில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பொம்மை என்று நினைத்தேன். அது ஒரு கண்ணைத் திறந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "என்ன மருமகளே அப்படிப் பாக்கற? ஒன் புருஷன் குடுத்ததுதான். இதுக்குப் பதிலாத்தான் கூடத்தக் கேட்டான். கெட்டிக்காரன்!" என்று சிரித்தார்.

பெரியத்தான், நான் மணப்பெண்ணாக நின்ற கூடம் அது.

"இது எனக்கு வேணும்" என்றேன். "குடுத்தத திருப்பிக் கேக்கறியா?" என்றார். "குடுத்தவரோடது இல்லையே இது" என்றேன். அவர் கையை உதறி, "எடுத்துட்டுப் போம்மா. வர்றவன் எல்லாம் செத்ததுன்னுதான் நெனைக்கறான்" என்றார். எர்மெக் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தலைக் கொண்டையில் சுட்ட புண் இருக்கிறது. வாயைத் திறக்க மறுக்கிறது. நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், ஆனால் எல்லாம் மனிதர் மருந்து. எந்த பல்பு, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். எங்களுக்குப் பகலில் பத்து முதல் நான்கு வரைதான் கரன்ட் உண்டு.

கடைசியாக ஒன்று. நீங்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரின் காலை முடமாக்கியதை எர்மெக் கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதற்காக நான் உங்களை வெறுக்கவில்லை. குடியை விட்டவர்கள் எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள்.

பணிவுடன்,
பேகிமாய்

*

முகாம்,
26 ஜனவரி 2009

அன்புள்ள பேகிமாய்க்கு,

சலாம். நீ நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் அம்மா. நீ செய்ததை மறக்கமாட்டேன்.

முதலில் புண். அதை மனித மருந்துக்கு விடாதே. சர்க்கஸ் கட்டடத்துக்குப் பக்கத்தில் விலங்கு வைத்தியர் இருக்கிறார், கோட்டுக்குள் வைத்தே கொண்டு போ. அவர் சொல்கிற களிம்பை மட்டும் போடு.

பல்பு சாதா அறுபது வாட், பால் வெள்ளைக் கண்ணாடி. புண் ஆறும்வரை கொண்டையிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி வை. இருபத்தெட்டு டிகிரி போதும். ஆறிய பிறகு முப்பதுக்குக் கொண்டுவா. தெர்மாமீட்டரைக் கூண்டின் சுவரில் ஒட்டாதே, அது உட்காரும் கிளையிலேயே கட்டு. பத்து முதல் நான்கு வரை கரன்ட் இருந்தால் அந்த ஆறு மணி நேரமும் அதற்குப் பகல். மற்ற நேரம் போர்வையும் வெந்நீர் பாட்டிலும் போதும். இரவு பதினாறு டிகிரி வரை தாங்கும். விளக்கு கூடவே கூடாது. வாயைப் பிளந்துகொண்டு வெளிறி உட்கார்ந்தால் சூடு அதிகம், பல்பை உயர்த்து. காலையில் கறுத்திருந்து, ஒரு மணி நேரத்தில் பச்சையானால் எல்லாம் சரி என்று அர்த்தம். மேலே ஒரு டப்பாவில் சிறு ஓட்டை போட்டு இலையில் தண்ணீர் சொட்ட விடு. குடிக்க ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. என் தீர்ப்பிலும் அந்த வார்த்தை கிடையாது.

குபாத்

*

முகாம்,
26 ஜனவரி 2009

எர்மெக்,

சலாம் சொல்ல மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை அதிகாரி படிப்பார். படிக்கட்டும். ஏப்ரல் பதினொன்றாம் தேதி உன் நிச்சயதார்த்தம் முடிந்து வரும்போது என் வண்டியை ஓட்டியது நீ. குடித்திருந்தவனும் நீ. சாவியைக் கேட்டேன், "ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றாய். ஜோல்தோஷ் கைவண்டியோடு தெருவைக் கடந்தார். அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணா, பொண்ணு வீட்ல தெரிஞ்சா எல்லாம் போச்சு" என்று நீ அழுதாய். நான் உன்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு உன் இடத்தில் உட்கார்ந்தேன். போலீஸ் என்னை ஊதச் சொன்னார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை.

உன் குற்றத்தைச் சுமந்தேன், அது நானே எடுத்துக்கொண்டது. உன் குடியையும் என் தலையில் வைத்தாயே, அதை யார் கேட்டது? நான் இல்லாத இடத்தில், என்னைத் தெரியாத மனிதர்களிடம்.

பச்சோந்தியைக் கொடுத்தாய். கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். இல்லாத பிராணிக்கு நான் டிகிரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், நீ "முப்பது அசையாமல் நிற்கிறது" என்று எழுதினாய். வராத கரன்ட்டில் விளக்கு ஏற்றினாய்.

பேகிமாயிடம் நீயே சொல். மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகை வரை காத்திருப்பேன்.

குபாத்

*

பிஷ்கெக்,
20 பிப்ரவரி 2009

அண்ணா,

சலாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த மாதிரி கடிதம் இனி எழுதாதீர்கள். ஒரு பல்லிக்காக ரத்த உறவை அறுப்பார்களா?

நான் செய்தது தப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். ஆறு மாதம் ஓடிவிட்டது. இப்போது உண்மை வந்தால் யாருக்கு லாபம்? உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. எனக்கு இருக்கிறது. பேகிமாய்க்கு மூன்று மாதம். அந்தக் குழந்தை அப்பா முகத்தை ஜெயிலில்தான் பார்க்க வேண்டுமா?

அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அண்ணன் குடிக்கமாட்டாராமே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. வெட்கத்தில் பொய் சொன்னேன், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குடித்திருந்தேன் என்று. இவ்வளவு செய்தீர்கள், இது ஒன்றையும் செய்துவிடுங்கள்.

உங்கள்,
எர்மெக்

*

முகாம்,
23 மார்ச் 2009

அன்புள்ள பேகிமாய்க்கு,

சலாம். நவ்ரூஸ் வாழ்த்து. இங்கேயும் ஒரு கிண்ணம் சுமெலெக் கஞ்சி கிடைத்தது.

எர்மெக் உன்னிடம் ஏதும் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் இதைக் கிழித்துப் போடு. சொல்லவில்லை என்றால், ஜோல்தோஷை மோதிய வண்டியை ஓட்டியது அவன். உன் நிச்சயதார்த்த நாளில் குடித்துவிட்டு ஓட்டினான். கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று நான் ஏற்றுக்கொண்டேன். நான் குடித்திருந்ததாக உனக்கு எழுதச் சொல்லி அவன் கேட்டிருக்கிறான். நீ மூன்று மாதம் என்றும் எழுதியிருக்கிறான். அதனால்தான் இதை எழுதப் பத்து நாள் தயங்கினேன். உன்னிடம் அந்தப் பொய்யை என்னால் எழுத முடியாது.

கோடை வருகிறது. மதியத்தில் ஜன்னல் வெயில் விழுந்தால் பல்பை நாற்பது வாட்டாகக் குறைத்துவிடு.

குபாத்

*

தொக்மோக்,
19 ஏப்ரல் 2009

பெரியத்தானுக்கு,

சலாம். நான் நலம். தாம்ச்சியும் நலம். புண் காய்ந்து பொருக்கு விழுந்துவிட்டது, கொண்டை நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. கூண்டோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்து அவரைப் படிக்கச் சொன்னேன். படித்தார். "சரி, நாந்தான் ஓட்டினேன். இப்ப என்னங்கற?" என்றார். பிறகு அழுதார். நாளைக்கே விசாரணை அதிகாரியைப் பார்க்கிறேன் என்றார். மூன்று நாளைகள் போயின. நான்காம் நாள் நானே போனேன். உங்கள் கடிதத்தைக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக உங்கள்மேலும் வழக்கு வரலாம் என்றார் அதிகாரி. அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எர்மெக்கைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜோல்தோஷையும் பார்த்தேன். சந்தை வாசலில் முக்காலி போட்டுச் சூரியகாந்தி விதை விற்கிறார். சொன்னேன். "என்ன இடிச்சவன் யாருன்னு எத்தன தடவம்மா மாத்தி மாத்திச் சொல்லுவீங்க?" என்றார்.

இனி ஊர் உங்களைத்தான் புகழும். இப்படி ஒரு அண்ணன் உண்டா என்று அம்மாவே சொல்கிறாள். நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு நீங்கள் இருவரும் அந்த வண்டிக்குள் இடம் மாறி உட்கார்ந்தபோது என் வாழ்க்கையையும் சேர்த்து முடிவு செய்தீர்கள். குடித்துவிட்டு ஒருவனை இடித்தவனைக் கட்டிக்கொள்வதா, காத்திருப்பதா, வேண்டாம் என்பதா? அது நான் எடுக்க வேண்டிய முடிவு. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லி ஏமாற்றினார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஏமாற்றினீர்கள். எந்தக் கல்யாணம் நிற்கக் கூடாதென்று ஜெயிலுக்குப் போனீர்களோ அதற்குள் என்னைத் தள்ளிவிட்டுத்தான் போனீர்கள்.

குழந்தை விஷயம் உண்மைதான். என் அம்மாவிடம்கூட நான் அதை அப்போது சொல்லியிருக்கவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முகாமுக்கு எழுதியிருக்கிறார்.

தாம்ச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். வெளியே வந்ததும் கூண்டோடு எடுத்துப் போகலாம். அதுவரை பல்பைப் பற்றி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம்.

பேகிமாய்